வாடகை பாக்கி வைப்பவரைச் சட்டப்படி காலி செய்ய வைப்பது எப்படி? தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாம் தேதி வரவேண்டிய வாடகை இருபதாம் தேதி வருகிறது. அடுத்த மாதம் பாதிதான் வருகிறது. அதற்கடுத்த மாதம் போனை எடுப்பதே இல்லை. இந்த இடத்தில் வீட்டு உரிமையாளர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘அட்வான்ஸ் கையில் இருக்கிறதே’ என்று மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். இல்லையென்றால் பொறுமை இழந்து ஒருநாள் பூட்டை மாற்றிவிடுகிறார்கள். பேசாமல் இருந்தால் பணம் போகும். பூட்டை மாற்றினால் உங்கள் பக்கம் இருந்த நியாயமும் சேர்ந்து போய்விடும்.

வாடகை பாக்கி வழக்கில் யார் கோபமாக இருக்கிறார் என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு பாக்கி, அதை எப்போது எழுத்தில் கேட்டீர்கள், கேட்டது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே பார்க்கும். இந்த மூன்றும் காகிதத்தில் இருப்பவருக்குப் பாதை நேராக இருக்கும்.

முதலில், எந்தச் சட்டம்?

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 வந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. ‘வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை’ என்று பழைய சட்டத்தின் சொற்களை வைத்து இன்றும் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அந்த அளவுகோலை நம்பி இறங்காதீர்கள்.

புதிய சட்டத்தில் மூன்று படிநிலைகள் உண்டு. ஒப்பந்தப் பதிவு, வாடகை நிர்ணயம், குடிநீர்-மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகள் பற்றிய புகார் ஆகியவை வாடகை அதிகாரியிடம் போகும். காலி செய்யும் உத்தரவை வாடகை நீதிமன்றம் தரும். அதன்மேல் மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்துவிட்டு, ‘ஏன் இன்னும் காலி செய்ய வைக்கவில்லை’ என்று காத்திருப்பவர்கள் நிறைய. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை.

சென்னை போன்ற நகர்ப்புறங்களில் உள்ள வீடுகளுக்கே கீழே சொல்லும் முறை. இந்தச் சட்டம் பொருந்தாத கிராமப்புற வீடு என்றால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். மாத வாடகைக்கு அங்கே 15 நாள் அறிவிப்பு போதும். ஆனால் வழக்கு நீளும்.

தாமதம் வேறு, பாக்கி வேறு

வாடகை நாள் தவறி வருவது மட்டுமே காலி செய்ய வைக்கும் காரணம் ஆகாது. சட்டத்தின் 21(2)(ஆ) பிரிவு கேட்பது இதுதான்: இரண்டு மாத வாடகையும் இதர கட்டணங்களும் பாக்கி இருக்கவேண்டும், அதைக் கேட்டு நீங்கள் முறைப்படி அறிவிப்பு கொடுத்திருக்கவேண்டும், அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுத்தொகையும் அவர் செலுத்தாமல் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வழக்கு.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கி முழுவதையும் வட்டியோடு உங்களிடம் கொடுத்துவிட்டாலோ, வாடகை நீதிமன்றத்தில் கட்டிவிட்டாலோ, பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்ய உத்தரவு கிடைக்காது. இதைக் கேட்டதும் பல உரிமையாளர்கள் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டியதில்லை. அறிவிப்பு அனுப்பியதும் பணம் முழுவதும் வந்துவிட்டது என்றால், உங்கள் நோக்கத்தில் பாதி நிறைவேறிவிட்டது. அதோடு இந்தச் சலுகை திரும்பத் திரும்பக் கிடைப்பதில்லை. ஒருமுறை இப்படித் தப்பியவர், அதன்பின் ஒரே ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை கொடுக்கத் தவறினால் அதே சலுகையை மறுபடி கேட்க முடியாது. எனவே முதல் அறிவிப்பையும், அதற்குப் பணம் வந்த விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது முறைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

மாதாமாதம் இருபதாம் தேதி கொடுத்து, ஆனால் ஒருபோதும் இரண்டு மாதம் சேரவிடாத வாடகைதாரர் இருக்கிறார். இவர்மேல் பாக்கி வழக்கு நிற்காது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ என்று எழுத்தில் தெரிவித்துவிடுவதுதான் ஒழுங்கான வழி. தேதி முடிந்தும் காலி செய்யாமல் தங்கியவரிடம், தங்கிய காலத்துக்கு மாத வாடகையின் இரட்டிப்பை இழப்பீடாகக் கேட்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. இதை ஒரு கடிதத்தில் குறிப்பிட்டாலே பலருக்கு வேறு வீடு தேடும் வேகம் வந்துவிடும்.

காகிதங்களைச் சரிபாருங்கள்

புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. எழுதினால் மட்டும் போதாது, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவேண்டும். அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். ‘பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாமே’ என்ற பழைய பேச்சு சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்குப் பதினோரு மாதம் என்ற விலக்கு கிடையாது. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் 4-அ பிரிவு தடை போடுகிறது. வழக்கு என்று யோசிக்கும் முன் பார்க்கவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பல ஆண்டுகளாக வாய்மொழியாகவே குடியிருப்பவர் என்றால்? அப்போது பாக்கியைவிட வலுவான வேறு ஒரு காரணம் இருக்கிறது. சட்டம் சொல்லும் ஒப்பந்தத்தை இருவரும் செய்துகொள்ளத் தவறினார்கள் என்பதே 21(2)(அ) பிரிவின்கீழ் தனிக் காரணம். ‘ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வாருங்கள், வரைவு இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர் வரவில்லை, மறுத்தார் என்பது பதிவாகட்டும். பிறகு வழக்கறிஞரோடு பேசி, எந்தக் காரணத்தில் மனு போடுவது என்று முடிவு செய்யுங்கள். இந்த ஓரிடத்தில் சொந்தமாக முடிவெடுக்க வேண்டாம் என்பேன். தவறான காரணத்தில் போட்ட மனு தள்ளுபடியானால், மீண்டும் தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.

கையில் இருக்கவேண்டியவை: ஒப்பந்தம், பதிவு எண், வீடு உங்களுடையது என்று காட்டும் பத்திரமும் சொத்து வரி ரசீதும், வாடகை வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை, கட்டாத மின் கட்டண விவரம், வாட்ஸ்அப்பில் ‘அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்’ என்று அவர் எழுதிய செய்திகள். அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதற்கு அவற்றைவிட எளிய ஆதாரம் கிடையாது.

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், இங்கே செயல்படப்போகும் உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பு அனுப்பும் முன்பே அது தயாராக இருக்கட்டும்.

கணக்கை மாதவாரியாக எழுதுங்கள்

ஒரு தாளில் மாதம், வரவேண்டிய தேதி, வரவேண்டிய தொகை, வந்த தேதி, வந்த தொகை, மீதி என்று எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை வாடகையோடு கலக்காமல் தனித்தனியே காட்டுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். பெயின்ட் செலவு, உடைந்த குழாய், மனவேதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய தொகையைக் கேட்டால், ‘கேட்ட தொகையே தப்பு’ என்று எதிர்த்தரப்பு வாதாட நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, பாதிப் பணம். ஜூன், ஜூலை பாக்கி இருக்கும்போது ஆகஸ்டில் ஒரு தொகை வருகிறது. அது எந்த மாதக் கணக்கில் சேரும்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60ஆம் பிரிவுகள் இதற்கு விடை சொல்கின்றன. பணம் அனுப்பியவர் ‘ஆகஸ்ட் வாடகை’ என்று குறிப்பிட்டு அனுப்பினால் அது ஆகஸ்டுக்கே சேரும். எதுவும் குறிப்பிடாவிட்டால் எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். ஆகவே பணம் வந்த அன்றே, ‘ரூ.8,000 வந்தது, ஜூன் மாதப் பாக்கியில் வரவு வைத்துள்ளேன், மீதிப் பாக்கி இவ்வளவு’ என்று பதில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வரிதான். ஆனால் பின்னால் நடக்கும் கணக்குத் தகராறில் பாதி இல்லாமல் போய்விடும்.

அட்வான்ஸ் என்னும் மயக்கம்

வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது 11ஆம் பிரிவு. நடைமுறையில் சென்னையில் பத்து மாதம்வரை வாங்கிய வீடுகள் உண்டு. தொகை எவ்வளவாக இருந்தாலும், அட்வான்ஸ் கரையட்டும் என்று காத்திருப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அறிவிப்புக்கு ஒரு மாதம், மனு போட்டபின் சில மாதங்கள், மேல்முறையீடு வந்தால் இன்னும் சில மாதங்கள் என்று காலம் போகும். அட்வான்ஸ் தீர்ந்தபிறகு தொடங்கினால் அத்தனை மாதமும் உங்கள் கையை விட்டுப் போகிறது. இரண்டாவது மாதம் தவறியதுமே தொடங்குங்கள்.

‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் சொன்னால், வாயால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பாக்கியே இல்லை என்று அவர் வாதாடலாம். ‘அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குப் பார்க்கும் தொகை, மாத வாடகைக்கு ஈடாகாது’ என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தம் போடும்போது இந்த வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். வாடகை தரவேண்டிய தேதி, தாமதத்துக்கு வட்டி எவ்வளவு என்பவையும் அதில் இருக்கட்டும்.

அறிவிப்பு: இதில்தான் வழக்கு நிற்கும், விழும்

வழக்கறிஞர் மூலம் அனுப்புவது நல்லது. நீங்களே எழுதினாலும் செல்லும். தமிழில் எழுதலாம். மிரட்டலும் வசையும் இல்லாமல், கணக்கு மட்டும் இருக்கவேண்டும். ஒரு மாதிரி:

‘தாங்கள் மேற்படி முகவரியிலுள்ள எனது வீட்டில் 1.2.2025 தேதியிட்ட ஒப்பந்தப்படி (பதிவு எண் …) மாதம் ரூ.14,000 வாடகைக்குக் குடியிருந்து வருகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகை செலுத்தவேண்டும் என்பது நிபந்தனை. ஜூன் 2025 வாடகை ரூ.14,000, ஜூலை 2025 வாடகை ரூ.14,000, ஆக மொத்தம் ரூ.28,000 பாக்கி உள்ளது. இத்தொகையை ஒப்பந்தம் குறிப்பிடும் வட்டியோடு இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2)(ஆ) பிரிவின்கீழ் வாடகை நீதிமன்றத்தை அணுகி, வீட்டின் சுவாதீனத்தையும் பாக்கித் தொகையையும் கோருவேன்.’

சுவாதீனம் என்றால் வீடு உங்கள் கைக்குத் திரும்பி வருவது. வட்டித் தொகையையும் கணக்குப் போட்டு, எண்ணாகவே எழுதிவிடுவது இன்னும் நல்லது. கையெழுத்து, தேதி கட்டாயம்.

எப்படிச் சேர்ப்பது என்பதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106(4) பிரிவைப் பின்பற்றச் சொல்கிறது இந்தச் சட்டம். அஞ்சலில் அனுப்பலாம். அவரிடமே நேரில் கொடுக்கலாம். வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ கொடுக்கலாம். இவை முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலே (ஸ்பீட் போஸ்ட்) சிறந்தது என்பேன்; தனிப் பதிவு அஞ்சல் சேவை 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஒரே பிரதியை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

உறை ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால் கவலை வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பி அவர் வாங்க மறுத்திருந்தால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் கொள்ளும். அந்த உறையைப் பிரிக்காதீர்கள். அஞ்சல்காரரின் குறிப்போடு மூடியபடியே நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பினால் மட்டும் இன்னொரு முறை அனுப்பி, கதவிலும் ஒட்டி, தேதி தெரியப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஆகஸ்ட் 1 அன்று அனுப்பிய அறிவிப்பு ஆகஸ்ட் 4 அன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஆகஸ்ட் 4இலிருந்துதான் ஓடும், அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. செப்டம்பர் 4 கழிந்து, நான்கைந்து நாள் தள்ளியே மனு போடுங்கள். அவசரத்தில் ஒருநாள் முன்னால் போட்டு, ‘காலக்கெடு முடியும் முன்பே வழக்கு’ என்ற ஆட்சேபத்தைச் சம்பாதித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஒரு மாதத்தில் செய்யக்கூடாதவை

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, லிப்டையோ வண்டி நிறுத்துமிடத்தையோ தடுப்பது: இவற்றை 20ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போட்டு வசதியைத் திரும்பத் தரச் சொல்வார், இழப்பீடும் விதிக்கலாம். மாதக்கணக்கில் வாடகை தராதவர் அன்றைக்குப் பாதிக்கப்பட்டவராக அங்கே நிற்பார்.

பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் இதைவிட மோசம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவுப்படி, சட்டப்பூர்வ வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்பி வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ்க் குற்ற வழக்கும் உங்கள்மேல் வரலாம். தெரிந்த போலீஸ்காரரை அனுப்பி மிரட்டச் சொல்வதும் வேண்டாம். வாடகைப் பாக்கி சிவில் தகராறு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் காலி செய்ய வைக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது.

அதேபோல், அவர் கொண்டுவரும் வாடகையை ‘எனக்கு வேண்டாம், காலி செய்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட அவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. வாங்கிக்கொண்டு, ‘என் சட்ட உரிமைகளுக்குக் குந்தகமின்றிப் பெற்றுக்கொண்டேன்’ என்று ரசீதில் எழுதுங்கள்.

செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: நேரில் உட்கார்ந்து பேசுவது. வேலை போனது, வீட்டில் உடம்பு சரியில்லை போன்ற உண்மையான நெருக்கடி இருந்தால், பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, குறித்த தேதியில் சாவியை வாங்கிக்கொள்வது வழக்கைவிட லாபம். அவருக்கும் கௌரவமாக இருக்கும். பேசியதை வெறும் வாய்வார்த்தையாக விடாமல், காலி செய்யும் தேதி, விட்டுக்கொடுக்கும் தொகை, அட்வான்ஸில் கழிவது எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பேச்சு நடந்தாலும் அறிவிப்பின் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.

வாடகை நீதிமன்றத்தில்

வீடு எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த வாடகை நீதிமன்றத்தில் மனு போடவேண்டும். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள் இதை விசாரிக்கிறார்கள். மனுவோடு பிரமாண வாக்குமூலம், ஒப்பந்தம், அறிவிப்பு, அது சேர்ந்ததற்கான ஒப்புகை, மாதவாரிக் கணக்கு, வங்கி அறிக்கை ஆகியவற்றை இணைக்கவேண்டும். வீட்டின் சுவாதீனம், பாக்கி வாடகை, வட்டி, வழக்கு முடியும்வரை ஆகும் வாடகை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். வழக்கு நடக்கும் மாதங்களுக்கான வாடகையைச் செலுத்த உத்தரவிடும்படி ஓர் இடைக்கால மனுவும் போடலாம். இதைப் போடாத உரிமையாளர்கள்தான் வழக்கு முடியும்போது பெரிய பாக்கியோடு நிற்கிறார்கள்.

பாக்கி வாடகையைக் கேட்க மூன்று ஆண்டுக் காலவரையறை உண்டு. அதற்குமுன் உள்ள பாக்கி போனதுதான்.

விசாரணை சிவில் வழக்கு போல நீளக்கூடாது என்பதே இச்சட்டத்தின் நோக்கம். சாட்சியம் பெரும்பாலும் வாக்குமூலமாகவே பெறப்படும். வாடகைதாரர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகலாம். ஆனால் அழைப்பாணை சரியாகச் சேர்ந்ததா என்று நீங்களே ஒவ்வொரு வாய்தாவிலும் பாருங்கள். அதில் குறை இருந்தால், பின்னால் அவர் வந்து நீதிமன்றத்தில் கேட்டு உத்தரவை ரத்து செய்யவைத்துவிடலாம்.

உத்தரவு வந்தபின்

உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வாடகைதாரருக்கு உரிமை உண்டு. தடை உத்தரவு எதுவும் இல்லாமல், அவரும் காலி செய்யாமல் இருந்தால், உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்டு, அதே வாடகை நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடவேண்டும். உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து வீட்டை ஒப்படைப்பார். தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்புக்கும் பூட்டை உடைக்கவும் நீதிமன்றமே அனுமதி தரும். கையில் உத்தரவு இருக்கிறதே என்று நீங்களாக உள்ளே போகக்கூடாது.

சாமான்களை விட்டுவிட்டு வாடகைதாரர் சொல்லாமல் போய்விட்டாலும் இதே வழிதான். காலியாகக் கிடக்கிறது என்று பூட்டை உடைத்தால், ‘பீரோவில் நகை இருந்தது’ என்ற புகாருக்கு உங்களிடம் பதில் இருக்காது.

வீடு கைக்கு வந்த நாளில் அறை அறையாகப் படம் எடுங்கள். மின் மீட்டர் அளவைக் குறியுங்கள். சாவி பெற்றதற்கு எழுதி வாங்குங்கள். பாக்கியும் நியாயமான சேதச் செலவும் போக அட்வான்ஸில் மீதி இருந்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். கழித்த ஒவ்வொரு தொகைக்கும் கணக்கெழுதி, அவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கழித்தும் பாக்கி மிஞ்சினால், உத்தரவில் உள்ள அந்தத் தொகையையும் நிறைவேற்று மனு மூலமே வசூலிக்கலாம்.